சிங்க் முடிந்ததும் ப்ளேயர் ஹேங் ஆகிறதா? மறுபடி ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "என்னிடம் ஒரு பழைய ம்யூசிக் ப்ளேயர் இருக்கிறது. கணினியிலிருந்து பாட்டு ஏற்றிக் கேபிளைக் கழற்றியதும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. எந்தப் பொத்தானும் வேலை செய்வதில்லை. ஃபார்மேட் செய்தால் சரியாகிறது. மறுபடி பாட்டு ஏற்றினால் மறுபடி அதே கதை. இப்படி மூன்று தடவை ஆயிற்று. ப்ளேயர் போய்விட்டதா, புதிது வாங்க வேண்டியதுதானா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. ஃபார்மேட் செய்தால் சரியாகிறது என்கிறீர்கள். உள்ளே போர்டு போன ப்ளேயர் ஃபார்மேட் செய்ததற்காக நல்ல பிள்ளையாக மாறாது. காலியாக இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, பாட்டு ஏறியதும் படுத்துவிடுகிறது என்றால், ஏற்றுகிற ஃபைல்களில் ஏதோ ஒன்று அதற்குச் செரிக்கவில்லை. அல்லது ஏற்றும் விதத்தில் கோளாறு. அல்லது ஏற்றி வைக்கும் இடம், அதாவது மெமரியோ கார்டோ டிஸ்க்கோ, பழுது. மூன்று முறையும் அதே பாடல்களை அதே வழியில் ஏற்றியிருக்கிறீர்கள். நான்காம் முறையும் அதேதான் நடக்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அது உண்மையிலேயே ஹேங் ஆகிறதா, அல்லது வேலையில் மூழ்கியிருக்கிறதா?

ஃபைல் போய் உட்கார்ந்ததோடு பாட்டு ஏறும் வேலை முடிவதில்லை. பாடகர், ஆல்பம், வகை என்று மெனுவில் காட்டுவதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அதை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து ப்ளேயர்கள் இரண்டு ரகம். ஐபாட் போன்றவற்றுக்குக் கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஐபாடின் உள்ளே எட்டிப் பார்த்தால் பாட்டெல்லாம் எஃப்00, எஃப்01 என்ற ஃபோல்டர்களில் நான்கெழுத்துப் பெயர்களோடு கிடக்கும். எது என்ன பாட்டு என்ற கணக்கு ஐட்யூன்ஸ்டிபி என்ற ஃபைலில் இருக்கும். அந்தக் கணக்குப் புத்தகம் கிழிந்தால் பாட்டு அத்தனையும் பத்திரமாக இருந்தும் ப்ளேயர் திணறும். மற்ற ரகத்தில் ப்ளேயரே பட்டியலை எழுதிக்கொள்கிறது. கேபிளைக் கழற்றிய நொடியிலிருந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, உள்ளே இருக்கும் டேக்கை, அதாவது பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரக் குறிப்பை, படித்து, வரிசைப்படுத்தி எழுதுகிறது. சில மாடல்கள் இந்த நேரத்தில் ஒரு பட்டையையோ எண்ணையோ காட்டும். சில ஒன்றும் காட்டாமல் கல் மாதிரி இருக்கும். ஐயாயிரம் பாட்டு என்றால் பத்திருபது நிமிடம் ஆவது சாதாரணம்.

எனவே ஒரே ஒரு முறை பொறுமையைச் சோதித்துப் பாருங்கள். கணினியில் அல்லாமல் சார்ஜரில் சொருகிவிட்டு அரை மணி நேரம் தொடாமல் இருங்கள். கணினியில் சொருகினால் பல ப்ளேயர்கள் டிஸ்க்காக மாறிவிடும், பட்டியல் வேலை நடக்காது. அரை மணி கழித்து மெனு தானாக வந்து நின்றால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. நடுவில் பதறிப்போய் ஆஃப் செய்ததுதான் பிரச்சினை. பட்டியல் பாதியில் நின்று, அந்த அரைகுறைப் பட்டியலே அடுத்த ஹேங்குக்குக் காரணமாகியிருக்கும்.

அரை மணிக்குப் பிறகும் அசையவில்லையா? சரி, அப்படியானால் அது ஹேங்தான். அதிலிருந்து வெளியே கொண்டுவரும் வழி மாடலுக்கு மாடல் மாறும். சக்கரம் வைத்த ஐபாடில் ஹோல்ட் சுவிட்சை ஒரு முறை போட்டு எடுத்துவிட்டு, மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து ஆப்பிள் படம் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எட்டுப் பத்து நொடி ஆகும். மற்ற பெரும்பாலானவற்றில் பவர் பொத்தானை 15 முதல் 30 நொடி விடாமல் அழுத்தினால் போதும். பின்பக்கத்தில் குண்டூசித் துளை இருந்தால் அது ரீசெட்டுக்கானது. இவை எதுவும் பாட்டை அழிக்காது. எதற்கும் மசியவில்லை என்றால் பேட்டரி தானாகத் தீரும்வரை ஓரிரு நாள் ஓரமாக வைத்துவிட்டு, பிறகு சார்ஜ் போடுங்கள். (ஹோல்ட் சுவிட்ச் "ஆன்" நிலையில் இருப்பதைப் பார்க்காமல் ப்ளேயர் செத்துவிட்டதாக முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். நானும் அந்தப் பட்டியலில் உண்டு.)

அப்புறம் கவனிக்க வேண்டியது, அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது. கேபிளைக் கழற்றியதும், பட்டியல் எழுதும் கட்டத்தில், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவில் நின்றால் ஒரு குறிப்பிட்ட ஃபைலைச் சந்தேகப்படுங்கள். நிற்கும் அளவு முறைக்கு முறை மாறினால் கார்டோ மின்சாரமோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மெனு வந்து, ஆல்பங்களை உருட்டும்போது நின்றால் ஆல்பம் படம். ஒரு பாட்டைத் தொட்டதும் நின்றால் அந்தப் பாட்டு, அல்லது அது இருக்கும் இடம். ஆன் செய்யும்போதே லோகோவில் நின்றால் டிஸ்க்கின் அமைப்பே கலைந்திருக்கும். இந்த ஒரு தகவல் கையில் இருந்தால் பாதி நாள் மிச்சம்.

இனி, ஏற்றும் விதம். இதில் பெரும்பாலானோர் ஏமாறுவது பச்சைப் பட்டையை நம்பித்தான். பட்டை முழுதாக ஓடிவிட்டது என்பதற்கு எல்லாம் எழுதி முடிந்தது என்று அர்த்தம் இல்லை. கணினி எழுத வேண்டியதைத் தன் மெமரியில் வாங்கிவைத்துக்கொண்டு, "ஆயிற்று" என்று சொல்லிவிட்டு, பின்னணியில் நிதானமாக எழுதும். லினக்ஸில் இது நன்றாகவே தெரியும்: பட்டை முடிந்து பல நிமிடங்கள் கழித்துத்தான் எஜெக்ட் (கழற்றும் முன் கணினியிடம் சொல்லி ப்ளேயரை விடுவிப்பது) முடியும். விண்டோஸில் 2018இல் வந்த 1809 பதிப்பிலிருந்து, யூஎஸ்பி கருவிகளுக்கு இப்படித் தேக்கிவைக்காமல் உடனே எழுதுவதுதான் இயல்பான அமைப்பு. அதற்காக எஜெக்ட் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். சிங்க் மென்பொருள், அதாவது கணினியிலிருந்து பாட்டு ஏற்றும் மென்பொருள், கடைசியாக எழுதுவது அந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான். அந்த நொடியில் கேபிளை உருவினால் பாட்டெல்லாம் நலமாக இருக்கும், பட்டியல் மட்டும் பாதியில் நிற்கும்.

ஒரு முறை அப்படி உருவியிருந்தாலே டிஸ்க்கின் உள்கணக்கில் முரண் விழுந்திருக்கலாம். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்று இரண்டு உண்டு. ஃபேட்32 அமைப்பில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இரண்டு பிரதிகளாக இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக ஒரே பிரதிதான். அதனால் பெரிய கார்டு போட்ட ப்ளேயர்களில் இந்த அஜாக்கிரதைக்கு விலை அதிகம். விண்டோஸில் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ் போய்ச் செக் கொடுங்கள். மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியில் ஃபர்ஸ்ட் எய்ட் இருக்கிறது. சோதனை முடிந்ததும் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தால், சொந்தக்காரர் இல்லாத துண்டுகளைப் பொறுக்கி அதில் போட்டிருக்கிறது என்று பொருள். ப்ளேயரைப் பொறுத்தவரை அது குப்பை, நீக்கிவிடுங்கள். ஏதோ பழுதாகி இருந்தது என்பதற்குச் சாட்சியும் அதுதான்.

ஃபார்மேட்டைக் கணினியில் செய்தீர்களா, ப்ளேயரின் செட்டிங்ஸ் மெனுவில் செய்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. ப்ளேயரிலேயே அந்த வசதி இருந்தால் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். தனக்கு எந்த அமைப்பு பிடிக்கும் என்று அதற்குத்தான் தெரியும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில்தான் வருகின்றன. பழைய ப்ளேயர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 மட்டுமே புரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரமோ 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தேர்வையே காட்டாமல் இருந்துவந்தது. அதனால் தெரியாமலே தவறான அமைப்பில் ஃபார்மேட் செய்துவிட்டு, ப்ளேயரைக் குறை சொல்வது நடக்கும். ஐபாடில் இன்னொரு சிக்கல் உண்டு. மேக்கில் ரீஸ்டோர் செய்த (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கிய) சக்கர ஐபாட் மேக்கின் சொந்த டிஸ்க் அமைப்புக்கு மாறிவிடும், விண்டோஸ் அதைப் படிக்காது. எந்தக் கணினியில் பாட்டு ஏற்றப் போகிறீர்களோ அதிலேயே ரீஸ்டோர் செய்யுங்கள். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் மென்பொருளான ஐட்யூன்ஸ் இல்லை, அந்த வேலை மேக்கின் ஃபைல் சாளரமான ஃபைண்டருக்குப் போய்விட்டது.

மேக் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் மேக் பாட்டை எழுதும்போது, பல நேரங்களில் பக்கத்திலேயே ஒரு நிழல் ஃபைலும் எழுதிவைக்கும். பாட்டின் பெயர்தான், முன்னால் ஒரு புள்ளியும் ஓர் அடிக்கோடும் சேர்ந்திருக்கும். அளவு பெரும்பாலும் 4 கிலோபைட். மேக்கில் இது கண்ணில் படாது. ஆனால் முடிவில் எம்பி3 என்று இருப்பதால் ப்ளேயர் அதையும் பாட்டு என்று நம்பித் திறக்கும். உள்ளே இசையே இல்லை. நல்ல ஃபர்ம்வேர் (ப்ளேயரை இயக்கும் உள் மென்பொருள்) தாண்டிப் போகும், சுமாரானது அங்கேயே நின்றுவிடும். உங்கள் மெனுவில் ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை தெரிந்து, அதில் ஒன்று பாடாமல் இருந்தால் இதுதான் காரணம். வேறு கணினி இருந்தால் அதில் சொருகி இந்த நிழல்களைத் தேடி அழித்துவிடுங்கள். மேக்கிலேயே அழிப்பதானால் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அழித்தவை ப்ளேயருக்குள்ளேயே மறைவான ஃபோல்டரில் கிடக்கும்.

இதெல்லாம் சரிதான், எஜெக்ட் ஒழுங்காகச் செய்கிறேன், டிஸ்க்கும் சுத்தம், இருந்தும் நிற்கிறது என்றால் ஏதோ ஒரு ஃபைல்தான் வில்லன். ஆயிரம் பாட்டில் அதை எப்படிப் பிடிப்பது?

பாதி பாதியாக வெட்டித்தான். பாடல்களை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதியை மட்டும் ஏற்றுங்கள். நின்றால் வில்லன் அதில் இருக்கிறது, நிற்காவிட்டால் மறு பாதியில். நின்ற பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஆயிரம் பாட்டு 500 ஆகும், 250 ஆகும், 125 ஆகும். பத்தாவது சுற்றில் ஒரே ஒரு ஃபைல் கையில் இருக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயிரம் முறை, இப்படி வெட்டினால் பத்தே முறை. ஓர் ஓய்வு நாளின் மாலைக்குள் முடிந்துவிடும். அதைவிடக் குறுக்கு வழியும் உண்டு. கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியதோ அதற்குப் பிறகு சேர்த்த ஃபைல்களைத் தேதி வாரியாகப் பிரித்து, அவற்றை மட்டும் முதலில் சந்தேகப்படலாம். பெரும்பாலும் அங்கேயே மாட்டிவிடும்.

வெட்டும்போது இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. ஒவ்வொரு சுற்றிலும் பழைய பட்டியல் அழிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன சுற்றின் கெட்ட பட்டியலையே திரும்பப் படித்து நின்று உங்களைக் குழப்பும். அதனால் ஒவ்வொரு முறையும் ப்ளேயரில் ஃபார்மேட் செய்துவிட்டு ஏற்றுவதே சுத்தம். ஐபாட் என்றால் முழு நூலகத்தையும் சிங்க் செய்யாமல், பாதிப் பாடல்களை ஒரு ப்ளேலிஸ்டில் போட்டு அந்த ப்ளேலிஸ்டை மட்டும் சிங்க் செய்யுங்கள். அடுத்தது, வில்லன் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டு பாதியும் தனித்தனியே நின்றால் இரண்டிலும் ஆள் இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து எடுத்த ஆல்பம் முழுவதும் ஒரே கோளாறோடு இருப்பது சகஜம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன ப்ளேயர், ஒவ்வொரு சிங்க்குக்குப் பிறகும் ஒரே இடத்தில் நிற்கும். பாட்டையெல்லாம் சந்தேகப்பட்டு வெட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாவது சுற்றில் கிடைத்தது பாட்டே இல்லை, ஒரு சொற்பொழிவுப் பதிவு. ஒலி நன்றாகத்தான் இருந்தது. கணினியில் குறையில்லாமல் ஓடியது. அதன் டேக்குக்குள் யாரோ கேமராவில் எடுத்த புகைப்படத்தை அப்படியே, சுருக்காமல், அட்டைப் படமாகச் சொருகியிருந்தார்கள். படத்தை எடுத்துவிட்டு ஏற்றினேன், அன்றோடு தொல்லை விட்டது.

ஒரு படம் எப்படி ப்ளேயரையே நிறுத்தும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 3000க்கு 3000 புள்ளி கொண்ட ஜேபெக் படம் டிஸ்க்கில் இரண்டு மெகாபைட்தான் இருக்கும். ஆனால் அது சுருக்கிய அளவு. திரையில் காட்ட விரித்தால் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 27 மெகாபைட் ஆகிறது. ஐந்தாம் தலைமுறை ஐபாடில் 30 ஜிபி மாடலுக்கு இருந்த ரேம், அதாவது ஓடும்போது வேலைக்குப் பயன்படும் மெமரி, மொத்தமே 32 மெகாபைட். சின்ன ப்ளேயர்களில் அதைவிடவும் குறைவு. சாதாரண ஜேபெக்கைக் கீற்றுக் கீற்றாக விரித்துச் சமாளிக்கலாம். ப்ரோக்ரெசிவ் ஜேபெக் என்று ஒரு வகை இருக்கிறது, வலைத்தளங்களில் முதலில் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளிவாகுமே, அது. அதை விரிக்க முழுப் படத்தையும் மெமரியில் வைத்துக்கொண்டாக வேண்டும். பல ப்ளேயர்களுக்கு அது ஆகாது. படத்தைக் காட்டாமல் விட்டால் பரவாயில்லை, சில அங்கேயே நின்றுவிடும். வலையிலிருந்து அட்டைப் படம் எடுத்து ஒட்டும் பழக்கம் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

மருந்து எளிது. எம்பி3டேக் என்ற மென்பொருளில் எல்லாப் பாடல்களையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து, அட்டைப் படங்களை 500க்கு 500 அளவுக்குள் சாதாரண ஜேபெக்காகச் சுருக்கிவிடலாம். அந்த அளவுப் படம் விரிந்தால் முக்கால் மெகாபைட்தான். உள்ளங்கையில் பாதி இருக்கும் திரைக்கு அதற்கு மேல் எதற்கு? சோதனைக்காக மட்டும் என்றால் படங்களை மொத்தமாக நீக்கிய நகலை ஏற்றிப் பாருங்கள். மூல ஃபைல்களில் கை வைக்காதீர்கள், நகலில் செய்யுங்கள்.

படம் குற்றமற்றது என்றால் டேக்கின் வடிவத்தைப் பாருங்கள். எம்பி3 ஃபைலில் பாட்டு விவரம் இரண்டு இடத்தில் இருக்கலாம். பழைய ஐடி3 முதல் வடிவம் ஃபைலின் கடைசி 128 பைட்டில் இருக்கும். தலைப்புக்கு 30 எழுத்துக்கு மேல் இடமில்லாத பாவப்பட்ட வடிவம், ஆனால் யாரையும் கவிழ்க்காது. இரண்டாம் வடிவம் ஃபைலின் தலையில் இருக்கும். அதில் 2.3, 2.4 என்ற பதிப்புகள்தான் புழக்கத்தில் உள்ளவை. இவற்றுக்குள் ஒரு சின்ன வித்தியாசம் பெரிய வம்பு செய்யும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதியிருக்கும். 2.3இல் அந்த எண் சாதாரண எண். 2.4இல் ஒரு பைட்டுக்கு ஏழு பிட் மட்டும் எடுத்துக்கொள்ளும் வேறு முறை. 128க்குக் குறைவான நீளங்களுக்கு இரண்டும் ஒன்றேதான். அதனால் பாட்டின் பெயர், பாடகர் பெயர் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். படம் போன்ற பெரிய துண்டு வந்ததும்தான் கணக்கு உதைக்கும். 2.4 என்று தலையில் எழுதிவிட்டு நீளங்களை 2.3 முறையில் போட்ட மென்பொருள்கள் இருந்தன. அந்த ஃபைலைத் திறக்கும் ப்ளேயர் தவறான இடத்துக்குத் தாவி, அங்கே கிடப்பதை நீளம் என்று நினைத்து, இன்னும் தவறான இடத்துக்குத் தாவும். கணினியில் இருக்கும் மென்பொருள் இதையெல்லாம் பார்த்துப் பழகியது, சமாளித்துவிடும். "கணினியில் ஓடுகிறதே" என்பது ஃபைல் நலமாக இருப்பதற்கு ஆதாரம் ஆகாது.

எம்பி3டேக்கோ கிட்3யோ கொண்டு, எழுதும் வடிவத்தை 2.3, யூடிஎஃப்-16 என்று வைத்து, எல்லாப் பாடல்களின் டேக்கையும் நீக்கிவிட்டுத் திரும்ப எழுதுங்கள். பழைய ப்ளேயர்களுக்கு மிகவும் பழகிய வடிவம் அதுதான்.

தமிழில் பெயர் வைத்திருப்பதால் நிற்கிறதோ என்று சிலர் கேட்பார்கள். தமிழ் எழுத்துரு இல்லாத ப்ளேயர் கட்டம் கட்டமாகக் காட்டும், அவ்வளவுதான், அதற்காக நிற்காது. ஆனால் நீளம் ஒரு காரணமாகலாம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் செலவாகும். 'கோ' என்று எழுதினால் மெய்க்கு மூன்று, உயிர்க்குறிக்கு மூன்று, மொத்தம் ஆறு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து, படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடகர் என எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதினால், கண்ணுக்கு 80 எழுத்தாகத் தெரிவது ப்ளேயருக்கு 300 பைட்டைத் தாண்டும். பெயரைச் சுருக்கி, ஃபோல்டரை இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள். விவரமெல்லாம் டேக்கில் இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் ஃபைல் கோளாறுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். இறக்கும்போது பாதியில் அறுந்த ஃபைல். பூஜ்ஜியம் பைட் ஃபைல். உள்ளே வேறு வடிவத்தில் இருந்து, பெயரை மட்டும் எம்பி3 என்று மாற்றிய ஃபைல்: வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்தெடுத்தவற்றில் இது அதிகம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்): ப்ளேயர் 48 வரைதான் தாங்கும் என்றால் மூச்சு வாங்கும். ப்ளேலிஸ்ட் ஃபைலில் கணினியின் டிரைவ் முகவரி அப்படியே இருந்தால் அதுவும் தொல்லை. இவை எல்லாமே வெட்டும் முறையில் தானாக மாட்டும்.

வெட்டும்போது ஒரு விசித்திரமும் நடக்கலாம். முதல் பாதி மட்டும் ஏற்றினால் ஓடுகிறது. இரண்டாம் பாதி மட்டும் ஏற்றினாலும் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்தால் நிற்கிறது. தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், இதுவே தெளிவான பதில்: எந்த ஃபைலும் கெட்டதில்லை, எண்ணிக்கைதான் அதிகம். பட்டியல் மெமரியில் கொள்ளவில்லை. பழைய ஐபாடில் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெரிய மெமரி கார்டு பொருத்தியவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். இடம் பத்து மடங்கு கூடியிருக்கும், ரேம் அதே 32 அல்லது 64 மெகாபைட்தான். டேக்கில் நீளமான குறிப்புகள், பாடல் வரிகள் என்று நிரப்பி வைத்திருந்தால் அவற்றை நீக்கிப் பட்டியலை இளைக்க வைக்கலாம். இல்லாவிட்டால் பாட்டைக் குறைக்க வேண்டியதுதான்.

அல்லது, சேர்த்து ஏற்றும்போது மட்டும் கார்டின் கெட்ட பகுதி வரை எழுத்து போய்ச் சேருகிறது. இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மெமரி கார்டில் போலி நிறைய. உள்ளே 8 ஜிபி வைத்துவிட்டு 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் கார்டு, 8 ஜிபி நிரம்பும்வரை யோக்கியமாக இருக்கும். அதற்கு மேல் எழுதுவது காணாமல் போகும், அல்லது முதலில் எழுதியதன் மேலேயே விழும். புதுப் பாட்டு ஏற்றினால் பழைய பாட்டு கெடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற கருவிகள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து ஒப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடும். காலி கார்டில் ஓட்டுங்கள், சில மணி நேரம் ஆகும்.

டிஸ்க் வைத்த ப்ளேயர் என்றால் காதை வைத்துக் கேளுங்கள். 'டிக்... டிக்...' என்று சீரான சத்தத்தோடு ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் டிஸ்க்கின் தலை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்கிறது. இங்கே மட்டும் சோதனையெல்லாம் நிறுத்திவிட்டு, வேறெங்கும் இல்லாத பாட்டு உள்ளே இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். ஒவ்வொரு சிங்க்கும் அதன் ஆயுளைக் குறைக்கிறது.

மின்சாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பேட்டரி தளர்ந்த ப்ளேயர் டிஸ்க்கைச் சுழற்றும் நொடியிலோ, பட்டியல் எழுதும்போதோ மின்னழுத்தம் சரிந்து நின்றுபோகும். இதைச் சோதிப்பது சுலபம்: சார்ஜரில் இருக்கும்போது நிற்காமல், கழற்றினால் மட்டும் நின்றால் பேட்டரிதான். நாலைந்து கருவி தொங்கும் யூஎஸ்பி ஹப்பில் சொருகாமல் கணினியிலேயே நேராகச் சொருகுங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள். பின்மூடி உப்பியிருந்தாலோ திரை மேலே எழும்பியிருந்தாலோ அது வீங்கிய லித்தியம் பேட்டரி. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

ஃபர்ம்வேர் அப்டேட்டை எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நின்று நின்று போகும் கருவியில் ஃபர்ம்வேர் எழுதுவது ஓடும் வண்டியில் சக்கரம் மாற்றுவது மாதிரி. காலி ப்ளேயர் ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, சார்ஜ் முழுதாக இருக்கும்போது செய்யுங்கள்.

உங்கள் மாடலுக்கு ராக்பாக்ஸ் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். 2001இல் தொடங்கிய இலவச மாற்று ஃபர்ம்வேர் அது. பழைய ஐபாட்கள், சான்சா ப்ளேயர்கள் பலவற்றில் ஓடும். இதில் பட்டியலே இல்லாமல் ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பாட்டுக் கேட்கலாம், அதனால் சிங்க்குக்குப் பிறகு நிற்கும் கட்டமே வராது. பட்டியல் வேண்டுமென்றாலும் குறிப்பிட்ட ஃபோல்டரை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம்: அதற்குள் டேட்டாபேஸ்.இக்னோர் என்ற பெயரில் ஒரு காலி ஃபைல் வைத்தால் போதும்.

இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான். ப்ளேயரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். சந்தேகமே இல்லாத, படம் நீக்கிய பத்துப் பாட்டை, சிங்க் மென்பொருள் எதுவும் இல்லாமல் கையால் இழுத்துப் போடுங்கள் (ஐபாட் என்றால் அந்தப் பத்தை மட்டும் ஒரு ப்ளேலிஸ்டாக). எஜெக்ட் கொடுத்து, அது முடிந்ததென்று சொன்ன பிறகு கேபிளை எடுங்கள். பத்துப் பாட்டுக்கே நின்றால் ஃபைலைத் தேட வேண்டாம், கார்டையும் பேட்டரியையும் பாருங்கள். நிற்காவிட்டால் வெட்டத் தொடங்குங்கள். நடுவில் குழம்பினால் ப்ளேயரின் மாடல், மொத்தம் எத்தனை பாட்டு, எந்தத் திரையில் நிற்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். மேற்கொண்டு சொல்கிறேன்.